துருவிலிருந்து பண்ணைக் கருவிகளைக் காப்பது எப்படி?

மானாவாரிக் கரிசல் நிலத்தில் பயிர் செய்கின்றவர்களுக்கு விதைப்பு மழையின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழை பெய்து, நிலம் கால் வைக்கும் பதத்திற்கு வந்த பிறகு, விதைப்பதற்குக் கிடைப்பவை சில நாட்களே. அந்த நாட்களில் ஆளும், விதையும், உரமும், கருவியும் ஒன்று சேர வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் மண்ணின் ஈரம் நமக்காகக் காத்திருப்பதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதத்தில், கோவில்பட்டிப் பகுதியிலுள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். மழை பெய்து நான்கு நாட்களாகியிருந்தன. அக்கம்பக்கத்துப் புன்செய்களில் விதைப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. ஒரு விவசாயி மட்டும் தம் விதைப்புக் கருவியின் முன் செய்வதறியாது நின்றிருந்தார். உரம் விழும் உருளைகள் சுற்றவில்லை. சங்கிலி இறுகிப்போயிருந்தது. உரப் பெட்டியின் அடித்தகடு அரித்து, விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. முந்தைய ஆண்டு விதைப்பு முடிந்ததும், பெட்டியில் மிஞ்சிய காம்ப்ளக்ஸ் உரத்தை அள்ளாமலே சாக்கைப் போட்டு மூடிக் கொட்டகையில் நிறுத்தியிருக்கிறார். கொல்லரைத் தேடிப்பிடித்துக் கருவியைச் சரி செய்வதற்கு இரண்டு நாட்களாயின. அதற்குள் மேல்மண் காய்ந்துவிட்டது. பாதி நிலத்தில் முளைப்பு பழுதாயிற்று.

"சார், இரண்டு பருவந்தான் ஓட்டினேன். வேலை செய்து கெட்டிருந்தால்கூட மனம் ஆறும். சும்மா நின்றல்லவா கெட்டுப்போயிற்று!" என்று அவர் வருந்திச் சொன்னது இன்றும் என் நினைவில் இருக்கிறது.

அவர் சொன்னதில் ஓர் உண்மை இருக்கிறது. நம்முடைய பண்ணைக் கருவிகள் பெரும்பாலும் ஆண்டில் சில நாட்கள் உழைத்துவிட்டு, மீதி நாட்களெல்லாம் ஓய்வாகக் கிடப்பவை. அவை உழைத்துக் கெடுவதைவிட, ஓய்ந்து கிடந்து கெடுவதே அதிகம். ஆகவே, கருவியை எப்படி ஓட்டுவது என்று அறிவதோடு, எப்படி ஓய்வில் வைப்பது என்றும் அறிந்துகொள்ளுதல் நலம்.

துரு எவ்வாறு உண்டாகிறது?

இரும்பு தனியாகத் துருப்பிடிப்பதில்லை. தண்ணீரும், காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து இரும்பைத் தொட்டால்தான் துரு உண்டாகும். இவ்விரண்டில் ஒன்றைத் தடுத்துவிட்டாலும் துருப் பிடிக்காது. இதனுடன் உப்பும் சேர்ந்துகொண்டால் துரு பன்மடங்கு விரைவாகப் பரவும்.

இதை நீங்கள் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரே அளவான, பளபளப்பான மூன்று இரும்பு ஆணிகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் ஆணியை நன்கு கொதித்து ஆறிய நீரில் போட்டு, நீரின்மேல் ஒரு விரற்கடை உயரத்திற்கு எண்ணெய் ஊற்றிவிடுங்கள். இரண்டாவது ஆணியைச் சாதாரணத் தண்ணீரில் பாதி நனையும்படி வையுங்கள். மூன்றாவது ஆணியை, ஒரு தேக்கரண்டி பொட்டாஷ் உரத்தைக் கரைத்த நீரில் அதே போல் வையுங்கள். ஒரு வாரம் சென்று பாருங்கள். முதல் ஆணி ஏறக்குறைய போட்டபடியே இருக்கும். கொதிக்க வைத்ததால் நீரில் கரைந்திருந்த காற்று வெளியேறிவிட்டது. மேலிருந்த எண்ணெய் புதிய காற்றை உள்ளே விடவில்லை. மற்ற இரண்டு ஆணிகளிலும் துரு படிந்திருக்கும். உர நீரில் இருந்த ஆணியே அதிகமாகக் கெட்டிருக்கும்.

துருவினால் இரும்பு மெலிவது மட்டுமல்ல. துரு தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் தன்மை உடையது. மரைக்கும் திருகாணிக்கும் இடையே சிறிது துரு தோன்றினாலும், அது புடைத்து ஆப்பு வைத்தாற்போல் இறுக்கிவிடும். கோவில்பட்டி விவசாயியின் உருளைகள் சுற்றாமல் நின்றதற்கு இதுவே காரணம்.

இரவில் கசியும் உரம்

'மழைச் சாரல் படாத கொட்டகையில்தானே வைத்திருந்தேன், பிறகு தண்ணீர் எங்கிருந்து வந்தது?' என்று நீங்கள் கேட்கலாம். அந்தத் தண்ணீரைக் காற்றிலிருந்து இழுத்துக் கொடுப்பது உரந்தான்.

இரசாயன உரங்கள் பலவும் உப்புக்களே. காற்றின் ஈரப்பதம் ஓர் அளவைத் தாண்டியதும் இவை காற்றிலுள்ள நீரை உறிஞ்சிக் கசியத் தொடங்குகின்றன. 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் சுமார் 73 விழுக்காட்டைத் தாண்டினால் யூரியா கசியும். பொட்டாஷ் உரம் சுமார் 84 விழுக்காட்டில் கசியும். இரண்டு உரங்கள் கலந்திருந்தால் இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசிந்துவிடும். மழைக்கால இரவுகளில் காற்றின் ஈரப்பதம் இந்த அளவுகளைத் தாண்டுவது வழக்கம். ஆகவே, பெட்டியின் மூலையிலும் உருளையின் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் ஒரு பிடி உரம், இரவில் நீர் விட்டுப் பகலில் உலர்ந்து, மறுபடியும் நீர் விட்டு இரும்பைத் தின்றுகொண்டே இருக்கும். பொட்டாஷ் உரத்திலுள்ள குளோரைடு, கடல் உப்பில் இருப்பதைப் போன்றதே. பெயிண்டில் ஒரு கீறல் இருந்தால் போதும்; அதன் வழியே நுழைந்து உள்ளேயே பரவும்.

கடல் உப்பு இரும்பை என்ன செய்யும் என்பதற்குப் பாம்பன் இரயில் பாலமே சான்று. 1914இல் திறக்கப்பட்ட அப்பாலம் உப்புக் காற்றுக்கு நடுவே நின்றது. அரிமானத்தால் அது பழுதுபட்டதால் 2022 டிசம்பரில் இரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் அருகிலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. கடலின் நடுவே நின்ற இரும்பு, இடைவிடாத பராமரிப்பினால் 100 ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது. நம் கொட்டகையில், கூரையின் கீழ் இருந்த இரும்பு ஓராண்டு ஓய்வில் ஓட்டை விழுந்துவிட்டது. வேறுபாடு இரும்பில் இல்லை, கவனிப்பில் இருக்கிறது.

மாட்டுத் தொழுவத்தில் பித்தளை

பித்தளை துருப்பிடிக்காது என்பது நம்மில் பலருடைய எண்ணம். இரும்பைப் போல் துருப்பிடிக்காது என்பது சரியே. ஆனால் பித்தளைக்கும் ஒரு பகை உண்டு. அது அம்மோனியா வாயு.

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில், இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படையினர் மழைக்காலத்தில் துப்பாக்கித் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் சேமித்து வைப்பதுண்டு. மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்க்கும்போது, தோட்டாக்களின் பித்தளை உறைகளில் விரிசல் கண்டிருக்கும். ஒவ்வொரு மழைப் பருவத்திலும் இவ்வாறு நேர்ந்ததால் இதற்குப் 'பருவ வெடிப்பு' என்றே பெயர் வந்தது. 1921இல் இதன் காரணம் விளக்கப்பட்டது. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா ஈரக் காற்றுடன் சேர்ந்து, இழுத்து உருவாக்கிய பித்தளையில் உள்ளடங்கியிருந்த விறைப்பின் வழியே விரிசலை உண்டாக்கியிருந்தது.

குதிரை லாயத்தில் நடந்தது மாட்டுத் தொழுவத்திலும் நடக்கும். தொழுவத்தில் கண்ணைக் கரிக்கும் நெடி எழுகிறதே, அதுதான் அம்மோனியா. எங்கள் வீட்டில் என் தந்தையார் பித்தளைக் கைத்தெளிப்பானைத் தொழுவத்தின் விட்டத்தில்தான் தொங்கவிட்டிருப்பார். ஒருநாள் பருத்திக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தபோது, அவருடைய முதுகு நனைந்த பிறகே தொட்டியில் கீறல் விழுந்து மருந்து கசிந்தது தெரிந்தது. உடனே குளிக்கவைத்து, உடையை மாற்றி, மருத்துவரிடம் அழைத்துச் சென்றதால் நல்ல வேளையாகப் பெருந்தீங்கு ஏதும் நேரவில்லை. கருவி கெட்டால் பொருள் இழப்பு மட்டுமே என்று எண்ணிவிடக் கூடாது. பூச்சிமருந்து தோலின் வழியே உடலுக்குள் செல்லக்கூடியது.

இப்போது பிளாஸ்டிக் தொட்டியுள்ள தெளிப்பான்கள் பெருகிவிட்டன. எனினும் தெளிப்புக் குழாய், கைப்பிடி, நுனிமூக்கு ஆகியவை பல தெளிப்பான்களில் பித்தளையால் ஆனவையே. ஆகவே தெளிப்பானைத் தொழுவத்திலும், எருக்குழியின் அருகிலும், யூரியா மூட்டைகள் அடுக்கிய அறையிலும் வைக்காதீர்கள். கீறல் கண்ட தொட்டியைச் சோப்பையோ மெழுகையோ வைத்து அடைத்து, மருந்தடிக்கப் பயன்படுத்தாதீர்கள்.

மயில்துத்தமும் இரும்பு வாளியும்

போர்டோக் கலவை தயாரிக்கும்போது இரும்புப் பாத்திரம் ஆகாது என்று நாங்கள் சொல்வதுண்டு. அதற்கான காரணத்தையும் அறிந்துகொள்ளுங்கள். மயில்துத்தக் கரைசல் இரும்பைத் தொட்டால், இரும்பு கரைந்து நீரில் சேரும். நீரிலிருந்த செம்பு இரும்பின்மேல் படியும். இதனால் இருவகை நட்டம். பாத்திரம் அரித்துப்போகும், நோயைத் தடுக்க வேண்டிய செம்பும் கலவையில் குறைந்துவிடும். துத்தநாகம் பூசிய வாளிக்கும் அலுமினியப் பாத்திரத்திற்கும் இதே கதிதான். மண்பானை, மரத்தொட்டி, பிளாஸ்டிக் வாளி ஆகியவையே ஏற்றவை.

ஒரு விழுக்காடு கலவைக்கு 1 கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், 1 கிலோ சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, சுண்ணாம்புக் கரைசலில் மயில்துத்தக் கரைசலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். பிறகு நன்கு தீட்டிய கத்தியைச் சிறிது நேரம் கலவையில் நனைத்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் செம்பு இன்னும் தனித்து நிற்கிறது என்று பொருள். மேலும் சுண்ணாம்பு நீர் சேர்த்து, செந்நிறம் படியாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் கலவை உங்கள் பயிரின் இலையையும் கருக்கும், தெளிப்பானின் இரும்புப் பாகங்களையும் அரிக்கும்.

உழைப்பில் தேய்வது

உழைப்பினாலும் கருவி கெடத்தான் செய்கிறது. மணலிலுள்ள வெண்கல் துகள்கள் சாதாரண இரும்பைவிடக் கடினமானவை. அதனால்தான் செம்மண், மணற்சாரி நிலங்களில் கொழு விரைவில் தேய்கிறது. இதை முற்றிலும் தடுக்க முடியாது; தள்ளிப்போடலாம்.

கொத்துக்கலப்பையின் கொழுக்கள் பலவற்றில் இரு முனைகளும் கூராக இருக்கும். ஒரு முனை தேய்ந்ததும் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். தாங்கும் கால் மண்ணில் உரசும் வரை விட்டுவைக்காதீர்கள். கொழு மலிவு, கால் விலை கூடியது. கொல்லரிடம் காய்ச்சித் தட்டிக் கூராக்கும்போது சரியான பதத்தில் நீரில் தோய்ப்பது முக்கியம். தோய்க்காமல் ஆறவிட்டால் கொழு மென்மையாகி விரைவில் தேயும். அளவுக்கு மீறிக் கடினமானால் கல்லில் பட்டு ஒடியும்.

நட்டுகளைத் தினமும் வேலை தொடங்குமுன் முடுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டினால் பாகங்கள் ஆடி, துளை அகன்று, நாளடைவில் விரிசல் விழும். சுழல் கலப்பையின் கத்திகளில் இது அடிக்கடி நேர்கிறது. சோதிக்கும்போது டிராக்டரின் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும்.

தெளிப்பானின் நுனிமூக்கும் தேயும். ஒரே அழுத்தத்தில் ஒரு நிமிடத்திற்கு வெளியேறும் நீரை அளந்து பாருங்கள். புதிய மூக்கைவிடப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாக நீர் வந்தால் அதை மாற்றிவிடுங்கள். அடைப்பை எடுக்கக் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்துவதால் துளை பெருகும். மென்மையான தூரிகையால் நீரில் கழுவினால் போதும். வாயால் ஊதுவது கூடவே கூடாது.

வேலை முடிந்த மாலையே செய்ய வேண்டியவை

1. உரப் பெட்டியையும் விதைப் பெட்டியையும் முழுவதும் காலி செய்யுங்கள். மீதி உரத்தைப் பையில் கட்டி வையுங்கள்.

2. ஒட்டிய உரத்தையும் மண்ணையும் முதலில் உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்துவிடுங்கள். பிறகு நல்ல நீரில் கழுவுங்கள். உவர் நீரால் கழுவினால் உப்பைப் போக்கி உப்பைப் பூசியது போலாகும். நல்ல நீர் குறைவாக இருந்தால், கடைசி அலசலுக்காவது அதைப் பயன்படுத்துங்கள்.

3. தெளிப்பானை மூன்று முறை நீர் விட்டு அலசி, ஒவ்வொரு முறையும் சிறிது நீரைக் குழாய், நுனிமூக்கு வழியாகவும் அடித்து வெளியேற்றுங்கள். களைக்கொல்லி தெளித்திருந்தால் இது இன்னும் முக்கியம். மிஞ்சிய களைக்கொல்லி அடுத்த பயிரைக் கெடுக்கும். அலசிய நீரைக் குளத்திலோ, வாய்க்காலிலோ, கிணற்றருகிலோ விடாதீர்கள்.

4. வெயிலில் வைத்து நன்கு காய விடுங்கள். ஈரத்தின்மேல் எண்ணெய் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுத் துரு வளரும்.

5. காய்ந்ததும் வெறும் இரும்பாகத் தெரியும் இடங்களில் எண்ணெயைத் துணியில் நனைத்துத் துடையுங்கள். இதற்குப் புதிய எண்ணெயே நல்லது. எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயில் அமிலப் பொருள்கள் சேர்ந்திருக்கும். கையில் படுவதும் நல்லதன்று.

பருவம் முடிந்து நிறுத்தும்போது

சங்கிலியைக் கழற்றி டீசலில் ஊறவைத்துத் துலக்கி, உலர்ந்த பின் எண்ணெயில் தோய்த்து மாட்டுங்கள். உரம் விழும் உருளைகளைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். கிரீஸ் இடும் முனைகளில், பழைய கிரீஸ் வெளியே தள்ளப்படும் வரை புதிய கிரீஸை ஏற்றுங்கள். மண்ணில் பளபளப்பேறிய கொழுவின்மேல் கனமாகக் கிரீஸ் பூசுங்கள். துருவேறிய கொழுவில் அடுத்த உழவில் மண் ஒட்டும், இழுவை கூடும், டீசலும் கூடுதலாகச் செலவாகும்.

பெயிண்ட் உரிந்த இடத்தில் நேரே புதுப் பெயிண்டை அடிப்பது வீண் வேலை. அடியிலிருக்கும் துரு தொடர்ந்து பரவிப் பெயிண்டைத் தள்ளிவிடும். உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்படி செய்து, துருத் தடுப்புப் பூச்சான ரெட் ஆக்சைடு அடித்துக் காய்ந்த பின்னரே பெயிண்ட் அடிக்க வேண்டும்.

கருவியை மண் தரையில் நிறுத்தாமல் மரக்கட்டை அல்லது செங்கல்மேல் நிறுத்துங்கள். தார்ப்பாயால் தரை வரை இறுக மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் தங்கும். மேலே மட்டும் மூடி, பக்கங்களில் காற்றோட்டம் இருக்கும்படி செய்யுங்கள். பழுதடைந்த பாகங்களை அன்றே ஒரு சீட்டில் எழுதிக் கருவியிலேயே கட்டிவிடுங்கள். ஓராண்டு கழித்து அது நினைவுக்கு வராது.

அடுத்த விதைப்புக்கு 15 நாட்கள் முன்பே கருவியை வெளியே எடுத்துக் கையால் சுற்றிப் பாருங்கள். உரமும் விதையும் எல்லாக் குழாய்களிலும் ஒரே அளவில் விழுகின்றனவா என்று பாயை விரித்துச் சோதியுங்கள். ஒரு வரிசையில் அதிகமாகவும் ஒரு வரிசையில் குறைவாகவும் உரம் விழுந்தால், பரிந்துரைத்த அளவை இட்டும் பயன் குறையும். வாடகைக்குக் கருவி எடுப்போரும் வயலுக்குக் கொண்டு செல்லுமுன் இச்சோதனையைச் செய்தல் வேண்டும். கழுவித் துடைத்தே திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வாரம் அது அண்டை வீட்டாரின் விதைப்புக்குப் போகும் கருவி அல்லவா?

இவை யாவும் பெருஞ்செலவு பிடிக்கும் வேலைகள் அல்ல. கொஞ்சம் எண்ணெய், சிறிது கிரீஸ், ஒரு கந்தல் துணி, ஒரு தூரிகை, மாலையில் அரை மணி நேரம் - இவ்வளவே தேவை. முன்பு நான் குறிப்பிட்ட கோவில்பட்டி விவசாயி, அடுத்த ஆண்டு விதைப்பு முடிந்த அன்று மாலையே உரப் பெட்டியைக் கவிழ்த்துக் கழுவிக் காயவைத்தார். அதற்கடுத்த ஐப்பசியில் மழை பெய்தபோது, அவருடைய கருவி முதல் நாளே வயலில் இறங்கியது. உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கும் கருவியின் உரப் பெட்டியையும் இன்றே திறந்து பாருங்கள்.